ஏரி ஓரம், ஆனால் ஏரியைவிட்டுத் தள்ளி: ரேங்லர்ஸ் குதிரை முகாம் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஏரிக்கரையில் குதிரையோடு முகாம் போடுவது என்றதும் பலர் மனதிலும் ஒரே படம்தான் வரும். கரையில் ஒரு கூடாரம், பக்கத்து மரத்தில் கட்டிய குதிரை, அது கழுத்தைத் தாழ்த்தி ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. குதிரையோடு காட்டில் தங்கிப் பழகிய அமெரிக்கர் யாரிடமாவது இந்தப் படத்தைக் காட்டினால், முதலில் மரத்தைப் பார்த்து முகம் சுளிப்பார், அப்புறம் தண்ணீரைப் பார்த்து. கூடாரம் கரையிலேயே இருப்பதும் அவருக்குப் பிடிக்காது.

ஏன் பிடிக்காது என்பதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் இடத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி மாநிலங்களில் பரவிக் கிடக்கும் லேண்ட் பிட்வீன் த லேக்ஸ் என்ற தேசியப் பொழுதுபோக்குப் பகுதியையும், அதற்குள் குதிரைக்காரர்களுக்கென்றே இருக்கும் ரேங்லர்ஸ் முகாமையும் எடுத்துக்கொள்கிறேன். ஏரிக்கரைக் குதிரை முகாமில் முதலில் கவனிக்க வேண்டியது குதிரைக்கும் ஏரிக்கும் நடுவே எவ்வளவு தூரம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான். லாயம், மின்சாரம், வெந்நீர்க் குளியலறை எல்லாம் அதற்கு அடுத்தபடி. இதுதான் நான் சொல்ல வருவது.

இரண்டு அணைகளுக்கு நடுவே

டென்னசி ஆறும் கம்பர்லாண்ட் ஆறும் கென்டக்கியின் மேற்குப் பகுதிக்கு வந்ததும் சில மைல் இடைவெளியில் பக்கம் பக்கமாக வடக்கே ஓடி, ஒஹாயோ ஆற்றில் விழுகின்றன. டென்னசி ஆற்றின் குறுக்கே கென்டக்கி அணை 1944இல் முடிந்தது. கம்பர்லாண்ட் ஆற்றில் பார்க்லி அணை 1966இல் வந்தது. இரண்டு நீர்த்தேக்கங்களையும் ஒரு கால்வாய் இணைக்கிறது, அதனால் இரண்டின் நீர்மட்டமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். நடுவில் மாட்டிக்கொண்ட நிலம் சுமார் 1,70,000 ஏக்கர். மூன்று பக்கம் தண்ணீர், தெற்கே மட்டும் தரை.

1963இல், கென்னடி ஜனாதிபதியாக இருந்தபோது, இந்த நிலத்தைப் பொழுதுபோக்குப் பகுதியாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பொறுப்பு டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமான டி.வி.ஏ.வுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. விற்க மனமில்லாதவர்களின் நிலமும் சட்டத்தின் துணையோடு எடுத்துக்கொள்ளப்பட்டது. கோல்டன் பாண்ட் என்ற ஊரே இல்லாமல் போய், அந்த இடத்தில் இப்போது பார்வையாளர் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன. காட்டுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட இடுகாடுகள் அப்படியே உள்ளன. வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வந்து போகிறார்கள். அந்தக் கசப்பு அறுபது வருடமாகியும் முழுதாக ஆறவில்லை. 1999 அக்டோபரில் இடம் டி.வி.ஏ.விடமிருந்து அமெரிக்க வனத்துறையின் கைக்கு மாறியது.

இந்த வரலாறு குதிரைக்காரரை இரண்டு விதத்தில் தொடுகிறது. ஒன்று, ஊர்கள் போனாலும் பாதைகள் போகவில்லை. கோவேறு கழுதையும் குதிரை வண்டியும் போன பழைய தடங்கள் பல இன்று சவாரித் தடங்களாக இருக்கின்றன. ரேங்லர்ஸைச் சுற்றி நூறு மைலுக்கும் மேல் குதிரைத் தடம் உண்டு, குதிரை வண்டியே ஓட்டக்கூடிய பாதைகளும் உண்டு. இரண்டாவது, உள்ளே ஊரோ கடைத்தெருவோ கிடையாது. புல் தீர்ந்தால் பக்கத்து ஊரில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பிவர முடியாது. குதிரைக்கு வேண்டியது முகாமில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குதிரையை ஏற்றிவரும் நம் டிரெய்லரில் இருக்க வேண்டும்.

ஹில்மன் ஃபெரி, பைனி போன்ற மற்றப் பெரிய முகாம்கள் தண்ணீரை ஒட்டியே இருக்கின்றன. படகு வைத்திருப்பவர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்கும் அதுதான் வசதி. ரேங்லர்ஸ் கென்டக்கிப் பக்கத்தில், பார்க்லி ஏரியை நோக்கிய பாதியில், காட்டுக்குள் அமைந்தது. தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, வாடகைக்கு லாயம், குளியலறை எல்லாம் உண்டு. ஏரியைப் பார்க்க வேண்டுமென்றால் சேணம் பூட்டித் தடத்தில் இறங்கிப் போக வேண்டும். முதல்முறை வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். இடத்தைத் தேர்ந்தவர்களின் கணக்கு எதுவாக இருந்தாலும், குதிரைக்கு அதனால் வரும் லாபம் பெரியது.

குடிநீர்

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை சாதாரண நாளில் 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கென்டக்கி வெயிலில் நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்கினால் இன்னும் அதிகம். இரண்டு குதிரை, மூன்று நாள் என்றால் கிட்டத்தட்ட இருநூறு லிட்டருக்கு மேல் வேண்டும். குழாய் இல்லாத முகாமில் இதைச் சுமந்து வருவதா, ஏரியில் காட்டுவதா என்ற கேள்வி தானாக எழும்.

ஏரித் தண்ணீரில் முதல் சிக்கல் ருசி. குதிரை பழகாத தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பிடிவாதம் பிடித்தால் அரை நாள், ஒரு நாள்கூடக் குடிக்காது. உலர்ந்த புல்லைத் தின்றுகொண்டே தண்ணீர் குடிக்காமல் இருந்தால் குடலில் தீவனம் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதுதான் கோலிக் என்று அவர்கள் அஞ்சும் வயிற்றுவலியின் ஒரு வகை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னோக்கித்தான் போக வேண்டும், போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து. நள்ளிரவில் காட்டுக்குள் ஒரு குதிரை வயிற்றை உதைத்துக்கொண்டு உருள ஆரம்பித்தால், கால்நடை மருத்துவர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

குழாய்த் தண்ணீருக்கும் இந்தச் சிக்கல் உண்டு, ஏனென்றால் அதுவும் வீட்டுத் தண்ணீர் இல்லை. அனுபவசாலிகள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே வீட்டுத் தொட்டியில் கொஞ்சம் ஆப்பிள் சாறோ உப்புச்சத்துப் பொடியோ கலந்து குடிக்கப் பழக்கிவிடுவார்கள். முகாமிலும் அதையே கலந்தால் குதிரைக்கு வித்தியாசம் தெரியாது. முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையே டிரம்மில் கொண்டுவருபவர்களும் உண்டு. புல்லை ஊறவைத்துப் போடுவது இன்னும் எளிய வழி. குடிக்க மாட்டேன் என்கிற குதிரை ஈரப்புல் தின்பதற்கு மறுக்காது.

இரண்டாவது சிக்கல் நீலப்பச்சைப் பாசி. கோடையின் பின்பாதியில் நீர் சூடாகி, உரச்சத்தும் சேர்ந்தால் இந்த நுண்ணுயிரி பெருகி மேலே பச்சைப் படலம் கட்டும். சில வகைகள் கல்லீரலையோ நரம்பையோ தாக்கும் நஞ்சைச் சுரக்கும். நாய், மாடு, குதிரை எதுவும் இதற்கு விலக்கில்லை. காற்று இந்தப் படலத்தை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது கரையோரத்துக்கும் ஒடுங்கிய குடாக்களுக்கும்தான். குதிரை இறங்கிக் குடிக்கத் தோதான இடமும் அதேதான். ஏரியின் நடுவில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று பார்த்துவிட்டுக் கரையில் காட்டுவதில் அர்த்தமில்லை.

இரவு விளக்கு

ஏரியின் ஆபத்து தண்ணீர் வழியாக மட்டும் வருவதில்லை, விளக்கின் வழியாகவும் வருகிறது. கரையோர முகாம்களைப் பற்றிய பேச்சில் இது போதுமான அளவு வருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1979இல் மேரிலாந்தில், பொட்டோமாக் ஆற்றை ஒட்டிய பகுதியில், குதிரைகளுக்குக் கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. பிறகு அதற்குப் பொட்டோமாக் குதிரைக் காய்ச்சல் என்றே பெயர் நிலைத்தது. காரணம் நியோரிக்கெட்சியா என்ற பாக்டீரியா என்று தெரியவந்தும், அது குதிரைக்குள் எப்படிப் போகிறது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. உண்ணியைச் சந்தேகித்தார்கள், ஈயைச் சந்தேகித்தார்கள். கடைசியில் கதை நன்னீர் நத்தைகளில் தொடங்கியது. நத்தைக்குள் வாழும் ஒரு தட்டைப்புழுவின் உடலுக்குள் இந்தப் பாக்டீரியா இருக்கிறது. புழுவின் இளம் பருவம் நத்தையை விட்டுத் தண்ணீருக்குள் வந்து, அங்கே வளரும் மேஃப்ளை, கேடிஸ் போன்ற பூச்சிகளின் உடலில் புகுந்துகொள்கிறது. அந்தப் பூச்சிகள் சிறகு முளைத்ததும், மழைக்கால ஈசல் மாதிரி ஒரே இரவில் கூட்டமாகக் கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வந்து, விளக்கடியில் செத்து விழுகின்றன. விளக்கடியில் தண்ணீர் வாளி இருந்தால் வாளியில், புல் இருந்தால் புல்லில். குதிரை புல்லோடு சேர்த்துப் பூச்சியையும் தின்கிறது.

கென்டக்கி ஏரியின் மீனவர்களுக்கு மேஃப்ளை கிளம்பும் இரவுகள் நன்றாகத் தெரியும். அந்தச் சமயத்தில் மரக்கிளைகளில் பூச்சி அப்பிக்கிடக்கும், மீன் மேலே வரும், அவர்களுக்குக் கொண்டாட்டம். குதிரைக்காரருக்கு அதே இரவு ஆபத்தானது. இப்போது ஒரு முகாமை நினைத்துப் பாருங்கள். வாழறை வைத்த பெரிய டிரெய்லர்கள், ஒவ்வொன்றின் பந்தலிலும் வரிசையாகத் தொங்கும் அலங்கார விளக்குகள், விளக்குக்கு நேர் கீழே கட்டிய குதிரையும் அதன் வாளியும். ஏரிக்கரையில் இதைவிட மோசமான அலங்காரம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு கொடுமை, நோய் உடனே வெளிப்படாது. பூச்சியைத் தின்ற பிறகு ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் குதிரை வீடு திரும்பி, வழக்கமான லாயத்தில் நிற்கும். தீனி குறையும், காய்ச்சல் வரும், பேதியாகும். சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் இருக்கும் திசு வீங்கும் லாமினைட்டிஸும் சேர்ந்துகொள்ளும், அதில் மாண்டுபோவதும் உண்டு. வீட்டில் என்ன மாறியது என்று தேடுவார்களே தவிர, மூன்று வாரத்துக்கு முன் ஏரிக்கரையில் எரிந்த விளக்கு யாருக்கும் நினைவு வராது. டெட்ராசைக்ளின் வகை மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும், ஆனால் மருத்துவரிடம் ஏரிக்குப் போய்வந்ததைச் சொன்னால்தானே அவரும் அந்தத் திசையில் யோசிப்பார். தடுப்பூசி இருக்கிறது, முழுப் பாதுகாப்பு தராது.

தடுக்கும் வழி மலிவானது. இரவில் குதிரை நிற்கும் இடத்தில் விளக்கை அணைத்துவிட வேண்டும். வாளியையும் புல்லையும் மூடிவைக்க வேண்டும், காலையில் வாளியைக் கவிழ்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் வைக்க வேண்டும். ரேங்லர்ஸ் போலக் கரையிலிருந்து தள்ளி, மரங்களுக்குப் பின்னால் முகாம் இருந்தால் பூச்சி வருவது குறையும். இருந்தாலும் சிறகு உள்ள பூச்சிக்கு அந்தத் தூரம் பெரிதில்லை. விளக்கை அணைக்கும் வேலை அங்கும் மிச்சம் இருக்கிறது.

வாசலில் கேட்கும் காகிதம்

அமெரிக்காவில் பொதுக் குதிரை முகாம் எதற்குப் போனாலும் அநேகமாக முதலில் கேட்பது காகிங்ஸ் சான்றிதழைத்தான். ரேங்லர்ஸிலும் அப்படித்தான். லெராய் காகிங்ஸ் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி 1970களின் தொடக்கத்தில் உருவாக்கிய இரத்தப் பரிசோதனை இது. குதிரைக்குத் தொற்று இரத்தசோகை வைரஸ் இருக்கிறதா என்று காட்டும். பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். மாநில எல்லை தாண்டி வந்தால் தனியாக ஓர் உடல்நலச் சான்றும் வேண்டும்.

இந்த வைரஸுக்கு மருந்து இல்லை, அமெரிக்காவில் தடுப்பூசியும் இல்லை. ஒருமுறை தொற்றினால் குதிரை சாகும்வரை அதைச் சுமக்கும், வெளியே பார்க்க நன்றாகவே இருந்தாலும். தொற்றிய குதிரையைக் கொன்றுவிட வேண்டும், அல்லது வாழ்நாள் முழுக்க மற்றக் குதிரைகளிடமிருந்து குறைந்தது 200 கஜம் தள்ளித் தனியாக வைக்க வேண்டும். அந்த 200 கஜத்துக்குக் காரணம் குதிரை ஈ. அது கடிப்பது வலிக்கும், குதிரை வாலால் விரட்டும், பாதி குடித்த ஈ பக்கத்தில் இருக்கும் அடுத்த குதிரையில் போய் மீதியைக் குடிக்கும். வாயில் ஒட்டிய இரத்தம் காயும் முன் அது அடுத்த உடலுக்குள் போனால் வைரஸும் போகும். அடுத்த குதிரை வெகு தூரத்தில் இருந்தால் ஈ பழைய குதிரையிடமே திரும்பிவிடும். குதிரை ஈயின் புழு வளர்வது ஈரமண்ணிலும் சதுப்பிலும். ஏரிக்கரைக்கு அதில் குறைவே இல்லை.

ஐம்பது வருடப் பரிசோதனைக்குப் பிறகு இன்று அங்கே சோதிக்கும் குதிரைகளில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குக்கூட இந்த நோய் இல்லை. சமீப வருடங்களில் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஒரே ஊசியைப் பல குதிரைகளுக்குப் போட்டதால் பந்தயக் குதிரைகளுக்கு வந்தவை. அப்படியானால் முகாம் வாசலில் இந்தக் காகிதம் இன்னும் எதற்கு என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. எண்ணிக்கை இவ்வளவு குறைந்ததே அந்தக் காகிதத்தால்தான் என்பது என் பதில்.

கயிறும் மரமும்

லாயத்தில் இடம் கிடைத்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கிடைக்காதவர்கள் குதிரையை எங்கே கட்டுவது? மரத்தில் நேராகக் கட்டினால் குதிரை சும்மா நிற்காது. பட்டையைக் கடிக்கும், காலால் மண்ணைப் பறித்து வேரை வெளியே கொண்டுவரும், சுற்றிச் சுற்றி வந்து மண்ணை இறுக்கும். கயிறு பட்டையை அறுக்கும். பட்டை சுற்றிலும் போய்விட்டால் மரம் பட்டுப்போகும். அதனால் அமெரிக்க வனப்பகுதிகளில் இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் ஒரு கயிற்றை இறுக்கிக் கட்டி, அதிலிருந்து தலைக்கயிற்றைத் தொங்கவிடுவது வழக்கம். மரத்தைச் சுற்றி அகலமான நாடாப் பட்டை போடுவார்கள். குதிரை நடுவில் நிற்கும், மரத்துக்கு எட்டாது.

எந்த மரம் என்பதும் முக்கியம். கிழக்கு அமெரிக்கக் காடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிவப்பு மேப்பிள் மரத்தின் பச்சை இலையால் பெரிய தொந்தரவில்லை. வாடிய, காய்ந்த இலைதான் விஷம். குதிரையின் சிவப்பணுக்களை அது உடைத்துவிடும். ஒன்றரை கிலோ வாடிய இலை ஒரு பெரிய குதிரையைக் கொல்லப் போதும். காட்டுச் செர்ரியின் வாடிய இலையில் சயனைடு உருவாகும். புயலில் முறிந்து விழுந்த கிளை, இலையுதிர் காலத்தின் உதிர்சருகு இரண்டும் இந்த வகையில் ஆபத்து. குதிரைக்காரர்கள் இங்கே அதிகம் விரும்பி வருவதும் இலையுதிர் காலத்தில்தான். வாய்க்கு நேராகப் புல்வலை நிரம்பியிருந்தால் குதிரை சருகைத் தேடாது. இரவில் சும்மா நிற்கும் பசித்த குதிரைதான் கண்டதையும் தின்னும்.

லத்தி

ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் லத்தி போடும். ஒரு வார இறுதியில் முகாமில் நூறு குதிரை இருந்தால் தினமும் இரண்டு டன். இதில் உள்ள பாஸ்பரஸும் நைட்ரஜனும் மழையோடு ஏரிக்குப் போனால், மேலே சொன்ன பாசிக்கே தீனி. ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனால், வெக்கையில் சுமார் மூன்று வாரத்தில் அதிலிருந்து புது ஈக்கள் கிளம்பும், அடுத்துத் தங்க வருபவரின் குதிரையைக் கடிக்க. குறித்த இடத்தில் கொட்டிவிட்டுப் போவதுதான் ஒழுங்கு. சாலையில் விழுந்ததையும் அள்ள வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ஆமாம்.

கரைக்கு இறங்கும்போது

இவ்வளவும் சொன்ன பிறகு ஏரிப்பக்கமே போகக் கூடாதா என்றால், அப்படியில்லை. குதிரையோடு தண்ணீருக்குள் இறங்குவது அருமையான அனுபவம், குதிரைக்கும் வெயிலில் இதமாக இருக்கும். எப்போது, எங்கே என்பதில்தான் விஷயம்.

இது இயற்கை ஏரி அல்ல, அணைத் தேக்கம். கென்டக்கி ஏரியின் கோடை மட்டம் கடல்மட்டத்திலிருந்து 359 அடி, குளிர்கால மட்டம் 354 அடி. குளிர்கால, வசந்தகால வெள்ளத்துக்கு இடம் விடுவதற்காக ஜூலையிலிருந்து மெல்ல மெல்ல இறக்குவார்கள், டிசம்பர் வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். ஐந்தடிதானே என்று தோன்றும். சரிவு குறைந்த குடாக்களில் ஐந்தடி இறங்கினால் நூற்றுக்கணக்கான அடிக்குச் சேறு வெளியே வரும். மேலே காய்ந்து வெடித்துத் தரை மாதிரித் தெரியும், கீழே களியாக இருக்கும். மனிதன் நடந்தால் தாங்கும். ஐந்நூறு கிலோவும் அதன் மேல் சவாரி செய்பவரும் நான்கு சின்னக் குளம்புகளில் இறங்கினால் தாங்காது. வயிறு வரை புதைந்த குதிரை மிரண்டு திமிறும், திமிறத் திமிற ஆழமாகப் போகும். தசைநார் அறுந்துபோகலாம், இதயம் களைத்துப்போகலாம்.

வனத்துறையின் தடம் கரையில் எங்கே போய் முடிகிறதோ, பல குதிரைகள் இறங்கி ஏறிய கல்தரை எங்கே தெரிகிறதோ, அங்கே மட்டும் இறங்குவது நல்லது. தலையைக் கீழே பிடித்துவைக்கும் வார் இருந்தால் முதலில் அவிழ்த்துவிட வேண்டும். நீந்தும் குதிரைக்குத் தலையைத் தூக்க இடம் வேண்டும், இல்லையென்றால் மூழ்கிவிடும். இரண்டு வாய் குடித்தால் பதறத் தேவையில்லை, பச்சைப் படலம் கண்ணில் படாதவரை. தண்ணீரைக் கண்டதும் லத்தி போடுவது குதிரையின் வழக்கம், அதனால் நெடுநேரம் நிறுத்தாமல் வெளியே கொண்டுவந்துவிடுவது ஏரிக்கும் மரியாதை.

அடர்த்தியின் விலை

ரேங்லர்ஸை நான் நல்ல உதாரணமாகச் சொன்னாலும் அதில் ஒரு குறை உண்டு, அது அதன் வசதியிலேயே இருக்கிறது. மேற்கு மாநில மலைக்காடுகளில் தங்குபவர்கள் தண்ணீரிலிருந்து 200 அடி, அதாவது சுமார் எழுபது காலடி, தள்ளிக் குதிரையைக் கட்டு என்ற விதியை நடந்து எண்ணிப் பார்த்துக் கடைப்பிடிக்கிறார்கள். பல காடுகளில் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்ற புல்கட்டு மட்டும்தான் கொண்டுபோகலாம். ஒரு பள்ளத்தாக்கில் மொத்தமே நான்கைந்து குதிரைதான் இருக்கும். ரேங்லர்ஸில் குழாய் அந்தத் தூரத்தை உருவாக்கிக் கொடுக்கிறது. யாரும் எண்ண வேண்டியதில்லை. பதிலாக, பல மாநிலங்களிலிருந்து வரும் குதிரைகள் ஒரே கூரைக்கடியில், மூக்கோடு மூக்கு உரசும் தூரத்தில் நிற்கின்றன.

இது வெறும் கற்பனை பயம் இல்லை. 2011 வசந்தத்தில் யூட்டாவின் ஆக்டன் நகரில் ஒரு குதிரைப் போட்டி நடந்தது. அங்கே கூடிய குதிரைகள் வழியாக ஹெர்பிஸ் வைரஸ் ஒன்று மேற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியது. 90 குதிரைகளுக்கு நோய் உறுதியானது, 13 மாண்டன. முகாம் போட்டி அரங்கம் அல்ல, கூட்டமும் அவ்வளவு இல்லை, ஆனால் வைரஸ் போகும் வழி ஒன்றுதான்: பொதுத் தொட்டி, பொதுக் குழாய், பக்கத்துக் குதிரையின் மூக்கு. காகிங்ஸ் காகிதம் இதைப் பிடிக்காது. சொந்த வாளியைக் கொண்டுவருவதும், குழாயின் முனை வாளித் தண்ணீரில் படாமல் மேலேயிருந்து பிடிப்பதும், காலையும் மாலையும் வெப்பமானியை வைத்துப் பார்ப்பதும்தான் இதற்கான வழி. 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சேணத்தை எடுக்க வேண்டாம். பக்கத்து லாயத்துக்காரர் தன் குதிரையை நம் குதிரையோடு முகம் பார்க்க விடட்டுமா என்று அன்பாகக் கேட்டால், அன்பாகவே மறுத்துவிடலாம்.

எந்த மாதத்தில் போவது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அக்டோபர் அழகு என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். ஈ குறையும், பகல் குளிரும். ஆனால் அப்போது ஏரி இறங்கிச் சேறு வெளியே வந்திருக்கும், சிவப்பு மேப்பிள் உதிர்ந்துகொண்டிருக்கும், மான் வேட்டைக் காலமாகவும் இருக்கும், ஆகவே சவாரி செய்பவர் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் பொட்டோமாக் காய்ச்சலுக்கும் பாசிக்கும் உரிய காலம். நான் மே மாதத்தைச் சொல்வேன். மாதம் பிறக்கும்போதே ஏரி கோடை மட்டத்துக்கு வந்து கரை மூடியிருக்கும், இலை பச்சையாக இருக்கும், பெரிய பூச்சிக் கூட்டங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். உண்ணி மட்டும் ஏராளம். தினமும் சவாரி முடிந்ததும் பிடரிக்குக் கீழே, வாலடியில், தொடை இடுக்கில், காதுக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்து எடுக்க வேண்டும். அதை முடித்துவிட்டு உங்கள் சாக்ஸையும் கழற்றிப் பாருங்கள்.